எட்டு மணி ரத்தம்

ரத்தம் எடுக்கும் பெண் அவன் முழங்கையின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு கறுத்துப்போனது. இன்னொரு பஞ்சை எடுத்தாள். அதுவும் கறுத்தது. மூன்றாவதை எடுக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சார், கரியிலயா குளிச்சிட்டு வந்தீங்க?"

"கிரீஸ்" என்றான். "டிப்போலேர்ந்து நேரா வர்றேன்."

"வெறும் வயிறுதானே?"

"ஆமா."

"எட்டு மணிக்குள்ள வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. இந்த டெஸ்டுக்குக் காலையிலதான் எடுக்கணும். நேரம் ஆக ஆக அளவு இறங்கிடும்." ஊசியை எடுத்தாள். "வலிச்சா சொல்லுங்க."

வலிக்கவில்லை. பலரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அந்த நேரத்தில் அவன் ஊசி போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குழாயில் ரத்தம் ஏறியது. யாருடைய வண்டியிலிருந்தோ ஆயில் வடிப்பதைப் பார்க்கிற அக்கறைதான் அவனுக்கு அதில் இருந்தது. அவள் பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கச் சொன்னாள். மடக்கினான். ரிசல்ட்டை எந்த நம்பருக்கு அனுப்ப என்று கேட்டாள். மனைவியின் நம்பரைச் சொன்னான். பார்க்க வேண்டியவள் அவள்தானே.

பஸ் டிப்போவில் இரவு வேலை அவனுக்கு. ஊரெல்லாம் ஓடிக் களைத்த வண்டிகள் வந்து வரிசை கட்டி நிற்கும். பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, விடிவதற்குள் திரும்ப ஓடும்படி செய்து அனுப்ப வேண்டும். பட்டப்பெயர் வைப்பதில் டிப்போக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கூட வேலை செய்கிறவனுக்கு டார்ச் என்று பெயர், பட்டப்பகலிலும் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு திரிவதால். இவனுக்கு சைலன்சர். சேர்ந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார்கள். யாராவது ஜோக் சொன்னால் கடைசியாக இவன் முகத்தைப் பார்ப்பார்கள். சைலன்சரே சிரித்துவிட்டான் என்றால் அது நல்ல ஜோக். இப்போது கொஞ்ச காலமாக அப்படிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.

கடைசி வண்டி வெளியே போனதும் ஒருவருக்கொருவர் குட் நைட் சொல்லிக்கொள்வது அங்கே வழக்கம். வெயில் சுள்ளென்று முகத்தில் அடிக்கும், எதிரே தலை வாரிப் பவுடர் பூசிக்கொண்டு கண்டக்டர்கள் வருவார்கள், இவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு குட் நைட் என்பார்கள். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனும் சிரிக்காமல் பதிலுக்குச் சொல்வார். அன்று காலையும் டார்ச் சொன்னான், வாட்ச்மேன் சொன்னார், அவனும் தலையாட்டிவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வந்தான்.

அவன் மனைவி கண்ணாடிக்கடையில் கண் பார்த்து நம்பர் சொல்கிறவள். அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவன் வீட்டுக்கு வருவான். அவன் கிளம்பும்போது அவள் வருவாள். வாசலில் சாவி கை மாறும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குடும்பம் நடத்தியதில் பாதி அந்த வாசல்படியில்தான். கேஸ் தீரப்போகுது, மோட்டார் போட்டாச்சு, கதவைச் சரியாச் சாத்துங்க, இந்த மாதிரி. அதிலும் சந்தோஷம் இருந்தது என்று அவனுக்கு ஞாபகம். இருந்தது என்பதுதான் ஞாபகமே தவிர, எப்படி இருந்தது என்பது ஞாபகம் இல்லை.

போன வருஷம், வெகுநாள் காத்திருந்து வந்த பிள்ளை ஐந்தாம் மாதத்தில் நிற்காமல் போய்விட்டது. பாதி வேலையில் அவனுக்கு போன் வந்தது. விடிகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அக்கா கண்ணும் மூக்கும் வீங்கி உட்கார்ந்திருந்தார். அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. நெஞ்சு அடைக்கும் என்று பார்த்தான், அதுவும் இல்லை. மேஜை மேல் அவளுடைய போன் அணைந்து கிடந்தது.

"உன் போன் சார்ஜர் எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான் அவன் அன்று பேசியது. வீட்டுக்குப் போய், கட்டிலோரம் சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துவந்து கொடுத்தான். திரும்பிப் போய்த் தூங்கினான். நன்றாகவே தூங்கினான். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேரே அக்கா வீட்டுக்குப் போய், கொஞ்ச காலம் அங்கேயே இருந்தாள். அந்த நாட்களில் அவன் படுத்தபடி பார்த்தால் பிளக்கின் மூன்று ஓட்டைகள் காலியாகத் தெரியும். அதைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றவில்லையே என்பது மட்டும் மண்டையைக் குடைந்தது. அக்கா இன்றுவரை அவன் பெயரைச் சொல்வதில்லை. சார்ஜர் என்றுதான் சொல்கிறாராம். டிப்போவுக்கு வெளியேயும் அவனுக்கு ஒரு பட்டப்பெயர்.

திரும்பி வந்த அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. எல்லாவற்றையும் செய்தாள், எதையும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, போனில் படித்ததை அவனிடம் சொன்னாள். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் சோர்வு வருமாம், எதிலும் பிடிப்பு இருக்காதாம், மனசு மரத்தமாதிரி ஆகிவிடுமாம்.

"உங்களைப் பக்கத்துல உக்காத்தி வச்சுப் பாத்து எழுதின மாதிரியே இருக்குங்க" என்றாள். "ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஒடம்புல கோளாறுன்னா நான் இருந்து பாத்துக்கிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் பாத்துக்கிறேன்."

"இல்லேன்னா?"

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "இல்லேன்னா உங்களுக்கு அன்னிக்கு நிஜமாவே ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம். அப்படி ஒரு ஆளோட என்னால இருக்க முடியாதுங்க. அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். இந்தத் தடவை திரும்பி வர்ற மாதிரி போகமாட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். கண் பார்க்க வருகிறவர்களிடம் பேசும் அதே குரல். அவனும் சரி என்றான்.

ரிசல்ட் வந்த அன்று மதியம் அவள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அதுவரை அப்படி வந்ததே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"மொத்த அளவு இருநூத்தி நாப்பத்தாறு. கொறஞ்சது முன்னூறாவது இருக்கணுமாம்." போர்வையின் மேலாக அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். "நான்தான் உங்களைப் புரிஞ்சுக்காம போயிட்டேன். வியாதியை வச்சுக்கிட்டு அத்தனை நாளும் வேலைக்குப் போயிட்டு வந்திருக்கீங்க. உங்களைப்போய் நான்…"

புருஷனுக்கு வியாதி என்று தெரிந்து ஒருத்தி சந்தோஷத்தில் அழுவதை அவன் அப்போதுதான் பார்த்தான். அவள் தொழில் அப்படி. மங்கலாகத் தெரிகிறது என்று வருகிறவர்களுக்கு ஒரு நம்பர் கண்டுபிடித்துவிட்டால் போதும், கண்ணாடி போட்டுவிடலாம். நம்பர் இல்லாத மங்கல்தான் அவளுக்குப் பயம். தன் கால் மேல் இருந்த அவள் கையின் சூட்டை அவன் கவனித்தான். நல்ல சூடு. அக்காவுக்கு அங்கிருந்தே போன் செய்தாள். "அவருக்கு ஒடம்பு சரியில்லக்கா. ரத்தத்துலயே இருக்கு. லேப் ரிப்போர்ட்லயே வந்திருக்கு. இனிமே அவரை அப்படிக் கூப்பிடாதே."

அதிலிருந்து வீடு மாறிவிட்டது. பகலில் அவன் தூங்க வெளிச்சம் இடைஞ்சலாக இருக்குமே என்று, கனமான கறுப்புத் துணி வாங்கி இரண்டு மடிப்பாகத் தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டாள். இழுத்துவிட்டால் நடுப்பகலிலும் கை எது சுவர் எது என்று தெரியாத இருட்டு. காலையில் கிளம்புமுன் அவளே வந்து அதை இழுத்துவிட்டுப் போவாள். வாசலில் சாவி கொடுக்கும்போது விரல்கள் கொஞ்சம் கூடுதலாக நின்றன. ஒரு நாள் அவன் டிபன் பாக்ஸைத் திறந்தபோது டார்ச் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா சைலன்சர், திடீர்னு புது மாப்பிள்ளை கவனிப்பா இருக்கு? எந்தச் சாமியாரு மந்திரிச்சு விட்டாரு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சாப்பிட்டான். சாப்பாடு நன்றாக இருந்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

அடுத்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போனான். மனைவிக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் போனான். டாக்டரம்மா சின்னப் பெண். ரிசல்ட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அவன் போட்டிருந்த யூனிபாரத்தைப் பார்த்தார்.

"நைட் ஷிப்ட்டா?"

"ஆமா டாக்டர்."

"ரத்தம் குடுக்கறதுக்கு முந்தின ராத்திரி தூங்குனீங்களா?"

"வேலைக்குப் போயிருந்தேன். முடிச்சிட்டு அப்படியே வந்துட்டேன். எட்டு மணிக்குள்ள வரச் சொன்னாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "காலையிலன்னு நாங்க சொல்றது, தூங்கி எழுந்தவங்களுக்குங்க. தூக்கத்துலதான் இது ஏறும். எழுந்திருக்கும்போது உச்சத்துல இருக்கும், அப்புறம் நாள் முழுக்க இறங்கிக்கிட்டே வரும். நீங்க ராப்பூரா முழிச்சிருந்து, படுக்கப்போற நேரத்துல குடுத்திருக்கீங்க. உங்க ஒடம்புக்கு அது காலையே இல்ல."

அவனுக்கு வாட்ச்மேனின் குட் நைட் காதில் கேட்டது.

"அப்போ அந்த நம்பர்?"

"அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எப்படியும் ஒரே டெஸ்ட்டை நம்பி மருந்து எழுதமாட்டோம். ஒரு வாரம் லீவு போட்டு ராத்திரியில தூங்குங்க. அப்புறம் காலையில எடுத்துப் பாப்போம். இந்தத் தடவை மூணு அளவும் எடுத்துடலாம்."

மூன்றையும் அவர் பொறுமையாகவே விளக்கினார். ரத்தத்தில் இருக்கும் எல்லாம் சேர்ந்து மொத்த அளவு. ஆனால் அதில் பெரும்பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதிலும் ஒரு வகைப் புரதம் பிடித்தால் விடாது. எதிலும் ஒட்டாமல் தனியாகத் திரிவது நூற்றில் இரண்டோ மூன்றோதான், அதற்கு ஃப்ரீ என்று பெயர், அது உடனே வேலைக்கு ஆகும். அந்தப் புரதம் அதிகம் இருக்கிற ஆளுக்கு மொத்தம் சரியாகக் காட்டும், ஆனால் ஃப்ரீ குறைவாக இருக்கும். புரதம் குறைவாக இருந்தால் மொத்தம் குறைவாகக் காட்டும், ஃப்ரீ சரியாகவே இருக்கும். அதனால் ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்றார்.

இது அவனுக்குச் சட்டென்று புரிந்தது. டிப்போ கணக்கில் இருக்கிற வண்டி எல்லாமா ரோட்டில் ஓடுகிறது? பாதி ஜாக்கி மேல் நிற்கும், சிலது உதிரி பாகத்துக்காகக் காத்துக் கிடக்கும். ஸ்டாப்பில் நிற்கிறவனுக்கு ஓடுகிற வண்டிதான் வண்டி.

"அப்போ மொத்தம் சரியா இருந்தாலும், ஃப்ரீ கொறவா இருந்தா அது வியாதிதானே டாக்டர்?" என்று கேட்டான்.

"இருக்கலாம்" என்றவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். அவன் குரலில் இருந்த ஆவல் அவனுக்கே கேட்டது.

வீட்டில், இன்னும் விவரமாகப் பார்க்க வேறொரு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னான். முதல் நம்பர் செல்லாது என்பதைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை, வாயைத் திறந்தால் அந்தப் பகுதி வெளியே வரவில்லை.

ஒரு வாரம் லீவு. எல்லோரும் தூங்கும்போது தூங்கி, எல்லோரும் எழும்போது எழுந்திருப்பது முதலில் வேற்றூருக்கு வந்தமாதிரி இருந்தது. போகப்போக உடம்பு திரும்பிக்கொண்டது. காலையில் பக்கத்தில் அவள் கிடப்பதைப் பார்த்தான். வாயைக் கொஞ்சம் திறந்து தூங்குகிறாள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. கட்டிலோரம் பிளக்கில் அவளுடைய சார்ஜர், ஒயர் தொங்கி, முனையில் போன். சாயங்காலம் இருவரும் கடைத்தெரு வரை நடந்தார்கள். அவள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "வீட்டுக்காரருக்கு லீவு" என்று கேட்காமலே சொன்னாள்.

ஒரு நாள் அவளைக் கூட்டிவரக் கடைக்குப் போனான். ஆள் இல்லாத நேரம். அவனைக் கண் பார்க்கும் நாற்காலியில் உட்காரவைத்து, கனமான பிரேமை மூக்கில் மாட்டி, விளக்கை அணைத்தாள். எதிரே எழுத்துகள் வெளிச்சமாக நின்றன. ஒரு லென்ஸைப் போட்டாள், எடுத்தாள், இன்னொன்றைப் போட்டாள்.

"எது தெளிவா இருக்கு? இதுவா? இல்ல, அதுவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல. இது… அது."

அவள் முகம் மிகவும் கிட்டத்தில் இருந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றான். அவள் சிரித்துவிட்டு விளக்கைப் போட்டாள். "பரவாயில்ல. மருந்து ஆரம்பிச்சதும் எல்லாம் சரியாயிடும்" என்றாள். கண்ணுக்கும் அந்த மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை, ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் தன் போன் நம்பரைக் கொடுத்தான். அன்று பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

ரிசல்ட் வரும்போது அவன் குளியலறையில் இருந்தான். தலையைத் துவட்டாமலே திறந்தான். மொத்த அளவு, நானூற்று முப்பத்தெட்டு. சரி, முதல் கதவு சாத்தியாயிற்று. புரதம் அதிகம் இருக்கட்டும் என்று கீழே தள்ளினான். புரதம் நடுவாந்தரமாக இருந்தது. கடைசியாக ஃப்ரீ. அதுவாவது கீழே இருக்கவேண்டும் என்று நினைத்தான். பிள்ளை வேண்டும் என்று காத்திருந்த காலத்தில்கூட அவ்வளவு அழுத்தமாக எதையும் நினைத்ததில்லை. ஃப்ரீயும் இருக்கவேண்டிய அளவுக்குள்ளேயே இருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டி எண்கள் பெரிதாகத் தெரிந்தன. துடைத்துவிட்டுப் பார்த்தான். அதேதான்.

வயிற்றில் என்னவோ பிசைந்தது. முதலில் பசி என்றுதான் நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பயம் என்று பிடிபட்டது. அவ்வளவு நாளாகிவிட்டிருந்தது அதைப் பார்த்து.

டாக்டரம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னார். "மூணுமே நல்லா இருக்குங்க. கவலைப்படாதீங்க."

"மூணுல ஒண்ணாவது கொஞ்சம் கொறவா இல்லையா டாக்டர்?"

"ஏன் கேக்கிறீங்க?"

"எனக்கு எதுவும் தோணலை டாக்டர். அழுகை வரல, சிரிப்பு வரல. எம் பிள்ளை போனப்பகூட வரல. அது ரத்தத்துல இருக்கும்னு நெனச்சோம்."

"அதுக்கு ரத்தத்துல தேட வேண்டாங்க" என்றார், குரலைத் தணித்து. "அதுவும் பாக்க வேண்டிய விஷயம்தான். அதுக்கு வேற டாக்டர் இருக்காங்க, எழுதித் தர்றேன். வீட்டுலயும் கூட்டிட்டு வாங்க."

மனைவி அன்று சாயங்காலம் கேட்டாள். "இன்னும் வரல" என்றான். மறுநாளும் கேட்டாள். "லேபுல ஏதோ லேட்டாம்" என்றான். அவள் நம்பினாள். நம்பி, அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போனான். விடியும்வரை ஒரு வண்டியின் அடியில் படுத்து கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. மிக எளிது. தூங்காமல் நேரே போய்க் கையை நீட்டினால் போதும், அளவு தானாகவே இறங்கிவிடும். ஒரு வாரத் தூக்கம் கெடுவதற்குத் தொடர்ந்து நாலு நாள் வேலை பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நிச்சயம். வியாதியை உண்டாக்குவது எப்படி என்று அவனுக்கு இப்போது தெரியும். எத்தனை தடவை வேண்டுமானாலும் உண்டாக்கலாம்.

அப்படியே செய்தான். நாலாம் நாள் காலை குட் நைட் வாங்கிக்கொண்டு லேபுக்குப் போனான். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான். ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு அவனை அடையாளம் தெரிந்தது.

"அட, கிரீஸ் சாரா? இப்பத்தானே எடுத்தோம்?"

"இன்னொரு தடவை."

அவள் பஞ்சை எடுத்தாள். துடைத்தாள். கறுத்தது. கையை நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பல்லாம் ஒரு கேள்வி சேத்துக் கேக்கச் சொல்லியிருக்காங்க சார். ராத்திரி தூங்கிட்டுத்தானே வந்தீங்க?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஒரு வார்த்தை. அவள் கையில் ரப்பர் பட்டை தயாராக இருந்தது. திரை தைத்தபோது ஊசி குத்திய தன் விரலை மனைவி வாயில் வைத்துக்கொண்டது அவன் ஞாபகத்துக்கு வந்தது. அது எதற்கு இப்போது வருகிறது என்று தெரியவில்லை.

"இல்ல" என்றான்.

"அப்ப இன்னிக்கு எடுத்துப் பிரயோஜனமில்ல சார்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிக்கொண்டு எழுந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோளில் பை. லேட்டாகிவிட்டதே என்று வாசலிலேயே சாவியை நீட்டினாள். அவன் வாங்காமல் நின்றான்.

"ரிசல்ட் வந்துடுச்சு. முந்தாநேத்து இல்ல, அதுக்கும் முன்னாடியே. மூணும் சரியா இருக்கு."

"சரியான்னா?"

"எனக்கு வியாதி இல்ல. முதல்ல வந்த நம்பர் தப்பு. தூங்காமப் போய்க் குடுத்ததால வந்தது. இன்னிக்கும் அப்படித் தூங்காமப் போய் உக்காந்தேன், மறுபடியும் அது வரட்டும்னு. அப்புறம் எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. சாவி நீட்டிய கை அப்படியே இருந்தது. தெருவில் யாரோ இரும்புக் கதவை ஏற்றும் சத்தம் கேட்டு நின்றது.

"அப்போ அன்னிக்கு?" என்றாள்.

"தெரியலம்மா. எதுவும் வரல. எனக்கே ஏன்னு தெரியல. இப்பவும் வரல." தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "இந்த ரிப்போர்ட்டைப் பாத்ததும் மட்டும் பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்?"

"நீ போயிடுவேன்னு."

அவள் அவனைப் பார்த்தாள். கடையில் லென்ஸ் மாற்றிவிட்டுக் காத்திருக்கும்போது பார்க்கிற பார்வை அது, பதில் வரும்வரை முகத்தில் எதையும் காட்டமாட்டாள். அவன் டாக்டரம்மா எழுதித் தருவதாகச் சொன்னதையும் சொன்னான். வேற டாக்டராம், உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அவள் ம் என்றாள். வழக்கமாக அது அவனுடைய சொல்.

"போய்ப் படுங்க" என்றாள் கடைசியில். "கண்ணு சிவந்து கெடக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் உள்ளே வந்தாள். அவன் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் படுக்கையறைக்குள் இருந்தாள். என்ன செய்தாள் என்று அவன் பார்க்கவில்லை. திரையின் வளையங்கள் கம்பியில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் உள்ளே வரும்போது அறை இருட்டாகிவிட்டிருந்தது. கதவருகே அவள் அவனைக் கடந்து போனாள். பை அவன் கையில் உரசியது. வாசல் கதவு சாத்தப்பட்டது. சாவியைக் கையோடு எடுத்துப்போனாளா, உள்ளே மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாளா என்று கவனிக்கத் தவறிவிட்டான்.

படுத்தான். இது அவன் தூங்கும் நேரம். நான்கு நாள் களைப்பு உடம்பில் இருந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. வேலைக்குப் போகும்போது அவள் சார்ஜரை எடுத்துப்போவதில்லை. கடையில் ஒன்று இருக்கிறது. அக்கா வீட்டுக்குப் போனால்தான் எடுத்துப்போவாள்.

எழுந்து விளக்கைப் போட்டால் அது பிளக்கில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்விட்ச் கதவருகில்தான் இருக்கிறது, ஓர் எட்டு வைத்தால் வந்துவிடும். அவன் எழவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் தலையணைக்குள் கேட்டது. எத்தனையோ இன்ஜின்களைக் காதை வைத்துக் கேட்டவன், தன்னுடையதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் கிடந்தான்.

பிறகு கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து, சுவரில் வைத்தான். சுவர் சில்லென்று இருந்தது. இருட்டில், கட்டிலின் ஓரமாக, விரல்களை மெல்ல மெல்லக் கீழே நகர்த்திக்கொண்டு போனான். பிளக் பலகையின் விளிம்பு விரலில் தட்டியது.